ஒரே நாளில் மாறிய சராசரி

காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கோவளத்தில் தொடங்கிச் செய்யூர் பக்கம் வரை நீளும் கடற்கரை ஒன்று இருந்தது. 2019 நவம்பர் 29ஆம் தேதியோடு அது கைவிட்டுப் போனது. அன்றுதான் செங்கல்பட்டு தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. மாமல்லபுரமும் கல்பாக்கமும் சதுரங்கப்பட்டினமும் புது மாவட்டத்தோடு போக, காஞ்சிபுரம் கடலே இல்லாத மாவட்டமாகிவிட்டது. அன்றைக்கு எந்த மீனவருக்கும் வலையில் கூடுதலாக மீன் படவில்லை. மறைமலை நகரில் எந்தத் தொழிலாளிக்கும் சம்பளம் ஏறவில்லை. உத்திரமேரூரில் எந்தக் குழந்தையும் கூடுதலாக ஓர் எழுத்துப் படிக்கவில்லை. ஆனாலும் தலா வருமானம், எழுத்தறிவு, குழந்தை இறப்பு என்று காஞ்சிபுரத்தின் பெயரில் அதுவரை எழுதி வைத்திருந்த சராசரிகள் எல்லாம் ஒரே நாளில் காலாவதியாகிவிட்டன.

இந்த விநோதம் புரிந்துவிட்டால், ‘இந்த மாநிலத்தில் வாழ்க்கை நன்றாக இருக்கிறதா, அந்த மாநிலத்திலா’ என்ற கேள்விக்குப் பத்திரிகைகள் வெளியிடும் தரவரிசைப் பட்டியல்களைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும்.

ஊரோடு ஊரை ஒப்பிடுவது மனிதனுக்குப் பழைய பழக்கம். பெண் கொடுக்கும்போது, மனை வாங்கும்போது, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வரும்போது எல்லோரும் செய்வதுதான். அதை அட்டவணை போட்டுச் செய்து பரபரப்பாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எச்.எல். மென்கென். 1931இல் தன் ‘அமெரிக்கன் மெர்குரி’ இதழில், சார்லஸ் ஆங்காஃப் என்பவரோடு சேர்ந்து மூன்று மாதத் தொடர் ஒன்றை எழுதினார். அமெரிக்காவிலேயே மிக மோசமான மாநிலம் எது என்பதுதான் கேள்வி. செல்வம், கல்வி, உடல்நலம், குற்றம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட அட்டவணைகள். மாசசூசெட்ஸ் முதலிடம், மிசிசிப்பி கடைசி. மென்கென் குசும்புக்காரர், தெற்கு மாநிலங்களைச் சீண்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் அவர் போட்ட பட்டியலின் இரு முனைகளும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகப் பெரிதாக அசையவில்லை. 2020இல் அமெரிக்க மாநிலங்களிலேயே ஆயுள் எதிர்பார்ப்பு மிகக் குறைவாக இருந்தது மிசிசிப்பியில்தான்: 71.9 ஆண்டு. அதிகம் ஹவாயில்: 80.7. ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே ஜனாதிபதி. நடுவே ஏறக்குறைய ஒன்பது ஆண்டு வாழ்க்கை.

அதனால் சராசரியெல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. அது எப்போது உண்மை பேசும், எப்போது வித்தை காட்டும் என்பதுதான் சுவாரசியம்.

வித்தையை முதலில் பார்ப்போம். அமெரிக்க நகைச்சுவையாளர் வில் ராஜர்ஸ் சொன்னதாக ஒரு பகடி உண்டு. 1930களின் பஞ்ச காலத்தில் ஒக்லஹோமாவிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். அதனால் இரண்டு மாநிலங்களின் சராசரி அறிவும் உயர்ந்துவிட்டது என்பது அதன் சாரம். கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் கணக்குப்படி இதில் தப்பே இல்லை. ஆறு ஒன்றியங்களே போதும். ஒரு மாவட்டத்தில் மூன்று ஒன்றியங்கள், தலா வருமானம் 1, 2, 3 லட்சம்; சராசரி 2. பக்கத்து மாவட்டத்தில் 4, 8, 9 லட்சம், சராசரி 7. எல்லாவற்றிலும் மக்கள்தொகை சமம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 4 லட்சம் ஒன்றியத்தை மட்டும் ஏழை மாவட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். ஏழை மாவட்டத்தின் சராசரி 2.5 ஆகிறது. பணக்கார மாவட்டத்தின் சராசரி 8.5 ஆகிறது. இரண்டும் ஏறிவிட்டன, யாருக்கும் ஒரு பைசா கூடவில்லை. ஆல்வன் ஃபைன்ஸ்டைன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1985இல் இதே வித்தை புற்றுநோய்க் கணக்குகளில் நடப்பதைக் கண்டுபிடித்து, அதற்கு வில் ராஜர்ஸ் பெயரையே வைத்தார்கள். புது ஸ்கேன் கருவிகள் வந்ததும், முன்பு கண்ணுக்குத் தெரியாத சிறு பரவல்களும் தெரிய ஆரம்பித்தன. முதல் நிலையில் இருந்த சில நோயாளிகள் அடுத்த நிலைக்கு மாற்றி எழுதப்பட்டார்கள். இரண்டு நிலைகளிலும் பிழைத்திருப்போர் விகிதம் கூடியது. ஒரு நோயாளியும் ஒரு நாள்கூட அதிகமாக வாழவில்லை.

தலைகீழாகவும் இது நடக்கும். 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது, அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து சோழிங்கநல்லூரும் ஆலந்தூரும் சென்னைக்குப் போயின. காஞ்சிபுரத்தின் சராசரியைவிட மேலேயும் சென்னையின் சராசரியைவிடக் கீழேயும் இருக்கும் பகுதி ஒன்று இப்படி இடம் மாறினால், இரண்டு மாவட்டங்களின் சராசரியும் இறங்கும். யாரும் ஏழையாகாமலேயே இரண்டு மாவட்டமும் ஏழையாகிவிடும். அடுத்த ஆண்டு எதிர்க்கட்சி அதை வைத்து அறிக்கை விடலாம், ஆளுங்கட்சி மறுக்கலாம், இரு தரப்பும் சரியான எண்ணையே கையில் வைத்திருப்பார்கள்.

எல்லைக்கோட்டைத் தொடாமல் விட்டாலும் சிக்கல் தீராது. ஒரு மாவட்டத்தின் தலா வருமானம் எனப்படுவது, அங்கே நடக்கும் உற்பத்தியின் மதிப்பை அங்கே குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுத்தது. மேலே இருப்பது வேலை நடக்கும் இடம், கீழே இருப்பது தூங்கும் இடம். தாம்பரத்தில் குடியிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறவரின் உழைப்பு சென்னைக் கணக்கில் சேரும். அவர் தலை செங்கல்பட்டுக் கணக்கில் எண்ணப்படும். விழுப்புரத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து மறைமலை நகர் தொழிற்சாலைக்கு வருகிறவரின் கதை நேர் எதிர்: உழைப்பு இங்கே, தலை அங்கே. அமெரிக்காவில் தலைநகர் வாஷிங்டனின் தலா உற்பத்தி எந்த மாநிலத்தையும்விட மிக உயரத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அங்கே வேலை பார்க்கும் பெருங்கூட்டம் சாயங்காலம் மேரிலாந்துக்கும் வர்ஜீனியாவுக்கும் ரயிலேறிவிடுகிறது. செங்கல்பட்டு மாவட்டம் வருமானப் பட்டியல்களில் முன்வரிசையில் நிற்பதைப் பார்த்து மகிழலாம். அந்த வருமானம் இங்கே இருப்பவர்களின் சட்டைப் பையில்தான் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிறப்பு இறப்புப் பதிவிலும் இதே குழப்பம் உண்டு. நம் நாட்டில் ஒரு மரணம் எங்கே நிகழ்ந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கப்பட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் நடக்கும் விபத்துகளும் சுற்று வட்டாரத்தில் கைவிட்ட கேஸ்களும் ஆம்புலன்ஸ் ஏறி அதன் மருத்துவமனைக்குத்தான் வந்து சேர்கின்றன. பிழைப்பவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். பிழைக்காதவர்கள் செங்கல்பட்டு நகராட்சியின் பதிவேட்டில் ஏறுகிறார்கள். வசிப்பிடத்தைப் பார்த்துப் பிரிக்காமல் எண்ணினால், நல்ல ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் சாவு மலிந்த ஊராகவும், ஆஸ்பத்திரியே இல்லாத ஊர் ஆரோக்கியபுரியாகவும் தெரியும்.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் அறிஞர்கள் ஒற்றை எண்ணைத் தேடுவதை விடவில்லை. பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், நண்பர் அமர்த்தியா சென்னோடு சேர்ந்து 1990இல் மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கொண்டுவந்தார். சென்னுக்கு முதலில் அதில் விருப்பமில்லை. மனித வாழ்க்கையை ஒரே எண்ணில் அடைப்பது முரட்டுத்தனம் என்று நினைத்தார். அந்த முரட்டுத்தனம்தான் வேண்டும் என்பது ஹக்கின் கட்சி: மொத்த உற்பத்தி என்ற இன்னொரு முரட்டு எண்ணை வீழ்த்த அதே ரகத்தில் ஓர் ஆயுதம் தேவைப்பட்டது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் ஒன்றுக்குள் கொண்டுவரும் இந்தக் குறியீட்டில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. வருமானத்தை அப்படியே சேர்க்காமல் அதன் மடக்கையைச் சேர்க்கிறார்கள். அதன்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் சம்பாதிப்பவர் இரண்டு லட்சத்துக்கு உயர்வதும், பத்து லட்சம் சம்பாதிப்பவர் இருபதுக்கு உயர்வதும் ஒரே அளவு முன்னேற்றம். கீழே இருப்பவருக்கு ஒரு ரூபாயின் கனம் அதிகம் என்ற சாதாரண அறிவைக் கணிதம் ஒப்புக்கொண்ட இடம் இது.

ஆயுள் எதிர்பார்ப்பு என்ற எண்ணையும் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். இன்று பிறக்கும் குழந்தை இத்தனை ஆண்டு வாழும் என்ற ஜோசியம் அதில் இல்லை. இந்த ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறக்கிறார்களோ, அதே விகிதத்தை ஒரு கற்பனைக் கூட்டம் பிறப்பிலிருந்து கடைசிவரை சந்தித்தால் அவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்ற கணக்கு அது. அதனால் குழந்தைகள் இறந்தால் எண் சடாரென்று விழும். 73 ஆண்டு வாழ வேண்டிய நூறு பேரில் ஒருவர் பிறந்தவுடன் போய்விட்டால், அந்த ஒற்றை மரணமே சராசரியில் முக்கால் ஆண்டைத் தின்றுவிடும். எழுபது வயதில் போகும் ஒருவரால் அந்த அளவில் நூலிழைதான் குறையும்.

கேரளம் உலகத்தை வியக்க வைத்தது இந்தக் கணக்கில்தான். 2014-18 காலத்து மாதிரிப் பதிவுக் கணக்கின்படி அங்கே ஆயுள் எதிர்பார்ப்பு 75.3 ஆண்டு. தமிழ்நாட்டில் 72ஐ ஒட்டி, இந்தியா முழுமைக்கும் 69.4. கோவிட் வருவதற்கு முந்தைய 2019இலேயே மிசிசிப்பியில் அது 74.4தான். குழந்தை இறப்பை எடுத்தால் வியப்பு இன்னும் பெருகும். ஆயிரம் பிறப்புக்குக் கேரளத்தில் 6 என்கிறது 2020ஆம் ஆண்டுக் கணக்கு, தமிழ்நாட்டில் 13, மிசிசிப்பியில் 2021இல் 9க்கும் மேல். தலா வருமானத்தில் மிசிசிப்பி கேரளத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலே நிற்கிறது. அமெரிக்காவின் ஏழை மாநிலம் என்று நாம் சொல்லும் இடத்தின் வருமானம் அது! பணம் ஆயுளை வாங்கித் தரும்தான்; ஆனால் அருகில் செவிலியர் இருக்கிறாரா, அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா, மருத்துவமனை வாசலில் காப்பீட்டு அட்டை கேட்கிறார்களா என்ற இடைத்தரகர்கள் வழியாகத்தான் வாங்கித் தரும்.

இங்கேதான் இன்னொரு குழி இருக்கிறது. படித்தவர்களே அடிக்கடி விழும் குழி. 1950இல் வில்லியம் ராபின்சன் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களுக்கும் எழுத்தறிவின்மைக்கும் என்ன தொடர்பு? மாநிலம் மாநிலமாகப் பார்த்தால், குடியேறியவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. தொடர்பு எண் மைனஸ் 0.53. ஆஹா, வந்தவர்கள் நன்றாகப் படித்தவர்கள் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆள் ஆளாக எடுத்துப் பார்த்தால் தொடர்பு எண் பிளஸ் 0.12, அதாவது குடியேறியவர்களிடம் எழுத்தறிவின்மை சற்று அதிகம். வந்தவர்கள் வேலை தேடி வளமான மாநிலங்களில் போய்க் குடியேறினார்கள். அங்கே ஏற்கனவே இருந்தவர்கள் நன்றாகப் படித்தவர்கள். மாநிலத்தின் எண் அண்டை வீட்டுக்காரரின் படிப்பைக் காட்டியது, வந்தவரின் படிப்பை அல்ல.

ராபின்சன் சொன்னதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டித் தெற்கே வர வேண்டும்.

வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் பாம்பியல் அறிஞர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் தொடங்கியது. பாம்புத்தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டு இருளர் பழங்குடியினரின் பிழைப்பு போயிருந்த காலம் அது. தோலுக்குப் பதில் விஷத்தை விற்கலாம் என்று வந்த யோசனை. உள்ளே வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் நல்ல பாம்போ, கண்ணாடி விரியனோ, கட்டு விரியனோ, சுருட்டை விரியனோ. வனத்துறை உரிமத்தோடு பிடித்துவந்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் போட்டுப் பழையபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அடுத்த முறை அதே பாம்பு கையில் அகப்பட்டால் அடையாளம் காட்டிக் கொடுக்கும். பாம்பின் தலையை இரண்டு விரலில் அமுக்கி, கண்ணாடிக் குவளையின் மேல் இழுத்துக் கட்டிய மெல்லிய படலத்தில் பல்லைப் பதிக்க வைக்கும் அந்த ஒரு நொடியில் அவர்களுடைய முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. மஞ்சளான சில துளிகள் இறங்கும். அவ்வளவுதான்.

அந்தத் துளிகள் உறைந்த தூளாகி மருந்துக் கம்பெனிகளுக்குப் போகின்றன. குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள். இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தில் மிகப் பெரும் பங்கு பல ஆண்டுகளாக இந்தச் சங்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மருந்து இல்லாமல் போயிருந்தால் எத்தனை ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. உத்தரப் பிரதேசத்திலோ ஒடிசாவிலோ ஒரு விவசாயி பிழைத்து அந்த மாநிலத்தின் ஆயுள் கணக்கில் ஒரு துளி கூடியிருந்தால், அந்தத் துளி வடநெம்மேலிப் பானையிலிருந்து போயிருக்கலாம். செங்கல்பட்டு மாவட்டத்தின் எந்தக் குறியீட்டிலும் அது வராது. இந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வந்த பாராட்டில் எனக்கு மகிழ்ச்சிதான்; இருளர் குடும்பங்கள் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலையும் அலைச்சலைப் பார்த்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சி முழுசாக வராது.

பக்கத்தில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. 2013இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கியது; 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலையும் சேர்ந்தது. அந்தத் தண்ணீர் குழாயேறித் தென் சென்னைக்குப் போகிறது. சற்றுத் தெற்கே கல்பாக்கத்தில் 1980களில் தொடங்கப்பட்ட இரண்டு அணு உலைகள், ஒவ்வொன்றும் 220 மெகாவாட். மின்சாரம் தொகுப்பில் கலந்து பல மாநிலங்களுக்குப் போய்ச் சேர்கிறது. கடற்கரைக் குப்பங்களை ஒட்டி விடுதிகள், அவற்றின் நீச்சல் குளங்கள், மதிலுக்கு இந்தப் பக்கம் ஓலைக் குடிசைகள். செயற்கைக்கோளிலிருந்து இரவு விளக்குகளின் வெளிச்சத்தை அளந்து ஒரு பகுதியின் செழிப்பை மதிப்பிடும் முறை ஒன்று இப்போது பிரபலம். அந்தக் கண்ணுக்கு விடுதியும் குடிசையும் ஒரே வெளிச்சப் புள்ளி.

மாமல்லபுரத்துக்குள் வந்தால் பட்டறைகளின் சத்தம். இந்த ஊர்க் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்பு உளிக்கும் சுத்திக்கும் இருந்த இடத்தில் பாதியைக் கட்டிங் மெஷின் பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் பிடித்த வேலை வாரக்கணக்கில் முடிகிறது, வருமானம் கூடுகிறது. மெஷின் கிளப்பும் தூசியோ உளித் தூசியைவிட மிக நுண்மையானது. கருங்கல்லில் குவார்ட்ஸ் உண்டு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே அளவுள்ள அதன் துகள் மூக்கையும் தொண்டையையும் ஏமாற்றி நுரையீரலின் கடைசி அறைவரை போய் உட்கார்ந்துவிடும். உடல் அதைக் கரைக்கத் தெரியாமல் சுற்றிலும் தழும்பு கட்டும். இதுதான் சிலிகோசிஸ். இருமலைப் பார்த்துக் காசநோய் என்று நினைப்பவர்களே அதிகம். வந்த பிறகு குணப்படுத்த வழி இல்லை. தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். வாழ்க்கைத் தரக் கணக்கில் இதன் கோணல் என்னவென்றால், மெஷின் வந்த ஆண்டே வருமானம் என்ற கட்டத்தில் எண் ஏறிவிடும். ஆயுள் என்ற கட்டத்தில் அது இறங்குவதற்கு இருபது ஆண்டு ஆகும். நடுவில் எடுக்கப்படும் எல்லாக் கணக்கெடுப்பிலும் அந்தப் பட்டறை முன்னேறிக்கொண்டுதான் இருக்கும்.

சராசரியை நம்பாமல் இந்த மாவட்டத்தில் கணக்கெடுத்த ஒருவரைச் சொல்ல வேண்டும். பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் பொறுப்புக் கலெக்டராக இருந்த ஜே.எச்.ஏ. ட்ரெமென்ஹீர், 1891இல் அங்கிருந்த பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். ஜில்லாவின் மொத்த விளைச்சல் எவ்வளவு, வரி எவ்வளவு என்று எழுதியிருந்தால் கோட்டையில் யாருக்கும் உறுத்தியிருக்காது. அவர் ஒரே ஒரு சமூகத்தின் சோறு, கூலி, கடன், குடிசை, படிப்பு என்று தனித்தனியாக எடுத்துக்கொண்டார். குடிசை நிற்கும் மண்கூட மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் குடியிருப்பே போய்விடும் என்பதைத்தான் அவர் முக்கியமான கண்ணியாகப் பார்த்தார். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றுவரை நாம் சொல்லும் நிலங்கள் அதில் பிறந்தவை. அவற்றில் பெரும்பகுதி கைமாறிப் போன கதையும், அவற்றைக் கேட்டு 1994 அக்டோபரில் காரணையில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் இறந்ததும் இதே மாவட்டத்து வரலாறு.

நில ஆவணம் ஒன்று வாழ்க்கைத் தரத்தைத் தீர்மானிக்கும் என்று 1891இல் ஒரு கலெக்டருக்குத் தெரிந்தது. இன்றைய குறியீடுகளுக்கு அது இன்னும் தெரியாது. நிதி ஆயோக் வெளியிடும் பல்பரிமாண வறுமைக் குறியீடு, தனித்தனி வீட்டைப் பார்ப்பதால் சராசரிகளைவிட நேர்மையானது. ஊட்டச்சத்து, பள்ளிப் படிப்பு, கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என்று 12 அளவுகோல்கள். ஒரே வீட்டில் எத்தனை குறைகள் சேர்ந்து விழுகின்றன என்று எண்ணும். 2023இல் வந்த அறிக்கையின்படி கேரளத்தில் வறியவர்கள் 0.55 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20, நாடு முழுவதும் 14.96. அந்தப் பன்னிரண்டில் வீடும் உண்டு. ஆனால் சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது என்றுதான் கேட்கும். மனைக்குப் பட்டா இருக்கிறதா என்று கேட்காது. 2021 தீபாவளி நாளில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் நேரில் வந்து பட்டா கொடுத்தார். நாளைக்கு யார் வந்து காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயம் அந்த வீடுகளில் அன்று குறைந்திருக்கும். 12 அளவுகோல்களில் ஒன்றுகூட அன்று அசைந்திருக்காது.

இன்னொரு செய்தி, வழி தப்பிப் போகும் எல்லைக் கோடுகளைப் பற்றி. மருத்துவ உலகில் ‘சிங்கல்புட் சோதனை’ என்றால் காசநோய் நிபுணர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை அது. பிரிட்டனில் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு 80 சதவீதம் அளவுக்குப் பாதுகாப்பு கொடுத்த அதே தடுப்பூசி, இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தபோது உலகமே அதிர்ந்தது. நம் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் சாதுவான உறவுக்காரக் கிருமிகள் ஏற்கனவே உடலைப் பழக்கிவிட்டிருக்கலாம், அதன்மேல் தடுப்பூசிக்குச் செய்ய வேலை மிச்சமில்லை என்பது முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். ஒரே ஊசி இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக நடந்துகொண்டது என்ற இந்த உண்மை உலகப் பாடநூல்களில் செங்கல்பட்டின் பெயரில் இருக்கிறது. சோதனை நடந்ததோ திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில். 1997இல் பழைய ஜில்லா பிரிந்தபோது அவை திருவள்ளூர் மாவட்டமாகிவிட்டன. அந்தச் சோதனையைப் படித்துவிட்டு செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் ஆராய்ச்சியாளர் தப்பான ஊரில் நிற்பார்.

கோடு போடுகிறவர் எவ்வளவு தூரம் விளையாட முடியும் என்பதற்கும் அமெரிக்க மாநிலம் ஒன்றுதான் சாட்சி. ஐயோவா மாநிலத்தில் 99 கவுன்டிகள் உண்டு; நம் வட்டங்கள் போல. 1979இல் ஸ்டான் ஓப்பன்ஷா, பீட்டர் டெய்லர் என்ற இரு புவியியலாளர்கள், அந்த 99ஐயும் வெவ்வேறு விதமாகச் சேர்த்துப் பெரிய வட்டாரங்களாக்கிப் பார்த்தார்கள். முதியவர்கள் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சி வாக்கு விகிதத்துக்கும் என்ன தொடர்பு என்பது கேள்வி. எப்படிச் சேர்க்கிறோம் என்பதை மட்டும் மாற்றியே, முழுக்க நேர்த்தொடர்பு என்பதிலிருந்து முழுக்க எதிர்த்தொடர்பு என்பதுவரை ஏறக்குறைய எந்த விடையையும் வரவழைக்க முடிந்தது. ஒரு வாக்காளரும் மனம் மாறவில்லை. ஒருவருக்கும் வயது கூடவில்லை.

செங்கல்பட்டின் எட்டு ஒன்றியங்களை வைத்து இதை யாராவது செய்து பார்க்கலாம். பரங்கிமலையும் காட்டாங்கொளத்தூரும் திருப்போரூரும் ஒரு பக்கம் சேர்ந்தால் வரும் மாவட்டம் நகரம்; இலத்தூரும் சித்தாமூரும் அச்சிறுபாக்கமும் சேர்ந்தால் வருவது சவுக்குத் தோப்பும் நெல்லும் உப்பளமும். செங்கல்பட்டையும் காஞ்சிபுரத்தையும் ஒப்பிட்டுக் கிடைக்கும் வித்தியாசத்தைவிட, தாம்பரத்துக்கும் செய்யூருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் பெரிது என்பதை அறிய ஒரு நாள் பஸ் பயணமே போதும்.

ஆனால் அதற்கான எண்கள் இப்போதைக்குக் கையில் இல்லை. நாட்டின் மிகப் பெரிய உடல்நலக் கணக்கெடுப்பான ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2017 மார்ச் 31 அன்று இருந்த மாவட்டங்களை வைத்தே எடுக்கப்பட்டது. அதில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள். செங்கல்பட்டுக்குத் தனித் தாள் கிடையாது, காஞ்சிபுரத்தின் தாளுக்குள் கரைந்து கிடக்கிறது. 25 லட்சத்துச் சொச்சம் என்று நாம் சொல்லும் மக்கள்தொகைகூட 2011ஆம் ஆண்டு எண்ணிக்கையைப் புது எல்லைக்கு வெட்டி ஒட்டியதுதான். 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக வைத்து நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் முதன்முறையாகத் தனியாக எண்ணப்படும். எண்ணி முடிக்கும்வரை எல்லைகளைத் தொடக் கூடாது என்று மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாவற்றையும் உறைய வைத்துவிடுவார்கள். எண்ணிக்கை வெளியான பிறகு எப்போது வேண்டுமானாலும் கோடு மீண்டும் நகரலாம். அதற்கு ஓர் அறிகுறி போல, தாம்பரம் 2021இலேயே தனி மாநகராட்சியாகிவிட்டது.